கட்டையைக் கழற்றினால் ஒரே இயந்திரம்: ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்களின் உள்ளமைப்பு

ஸ்பிரிங்கின் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைஃபிள்களில் வைராக் நிறுவனத்தின் எச்டபிள்யூ 95, எச்டபிள்யூ 97, டயானா நிறுவனத்தின் 34 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்டபிள்யூ 95-இலும் டயானா 34-இலும் குழலை மடக்குவோம், எச்டபிள்யூ 97-இல் அடியிலுள்ள நெம்புகோலை இழுப்போம். மரக்கட்டையைக் கழற்றிவிட்டால் வேலை செய்வது ஒரே ஏற்பாடுதான். ஓர் உருளை, அதற்குள் பின்பக்கம் திறந்த பிஸ்டன், பிஸ்டனின் முகத்தில் காற்று கசியாமல் அடைக்கும் சீல், அதன் வயிற்றுக்குள் மெயின் ஸ்பிரிங், ஸ்பிரிங் வளையாமல் தாங்கும் கைடு. பிஸ்டனின் நடுவிலுள்ள தண்டின் நுனியை ட்ரிகர் பிடித்துக்கொள்ளும்.

ட்ரிகர் தன் பிடியை விட்டதும் பிஸ்டன் முன்னே பாய்ந்து, சுமார் 3 மி.மீ. துளை வழியாகக் காற்றை பெல்லட்டின் (சிறு குண்டின்) பின்னால் திணிக்கிறது. பெல்லட் ஒரு கணம் தடுத்து நிற்பதால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தைபோல் இறுகி, அது சுவரில் மோதாமல் காக்கிறது. பெல்லட் இல்லாமல் சுடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். மெத்தை இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக உருளையின் முனையில் இடிக்கும். சீல் நசுங்கும், ஸ்பிரிங் உடையும். துப்பாக்கி முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதைப்பதும் இந்தப் பாய்ச்சலாலும் நிறுத்தத்தாலும்தான். சாதாரண ஸ்கோப்புகள் இந்த முன்னுதையில்தான் பழுதாகின்றன.

எச்டபிள்யூ 80-உம் அமெரிக்காவில் விற்ற பீமன் ஆர்1-உம் உள்ளே ஏறக்குறைய ஒன்றே. கட்டைதான் பெரிய வித்தியாசம். எச்டபிள்யூ 95-க்கும் பீமன் ஆர்9-க்கும் அதே உறவு. வைராக்கின் ரெகார்ட் ட்ரிகர் பல மாடல்களில் அப்படியே வருகிறது. ஒரே மாடலே, பெல்லட்டின் ஆற்றல் ஜெர்மனியில் 7.5 ஜூலுக்குள்ளும், பிரிட்டனில் 12 அடி-பவுண்டுக்குள்ளும் இருக்கும்படி விற்கப்படுகிறது. பெரும்பாலும் ஸ்பிரிங்கை மாற்றித்தான் இதைச் செய்கிறார்கள்.

அமைப்பு ஒன்று என்பதற்காக உதிரிபாகம் பொருந்திவிடாது. பிஸ்டனின் விட்டம், ஓடும் தூரம், தண்டின் நீளம், கைடின் அளவு எல்லாமே மாடலுக்கு மாடல் வேறு. நீளமான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ட்ரிகர் பிடிக்கும் இடம்வரை பிஸ்டன் பின்வாங்காமல் நின்றுவிடும். வேகம் கூடும் என்று வலுவான ஸ்பிரிங் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது உதையும் அதிர்வும்தான். கைடு ஸ்பிரிங்குக்குள் லேசாக இறுக்கமாக உட்கார்ந்தாலே, சுடும்போது ஸ்பிரிங் அதிர்ந்து எழுப்பும் 'டொய்ங்' சத்தம் பாதி போய்விடும். அதை முதலில் சரிசெய்வதே நல்லது.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது உருளையின் பின்மூடி. பல வைராக் மாடல்களில் அது மரையில் சுழலும், டயானா 34-இல் குறுக்கு ஊசிகளில் நிற்கும். இரண்டிலும் ஸ்பிரிங் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெஸரில் மாட்டி, சுமையை அது ஏற்ற பிறகே ஊசியைத் தட்டுங்கள், அல்லது மரையின் கடைசிச் சுற்றுகளைத் திறங்கள். கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மூடி முகத்துக்கு வரும்.

வேகம் குறைந்தால் உடனே ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். குழல் மூடும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான இலக்கில் சுடுங்கள். டிஷ்யூ துள்ளினால் அங்குள்ள சீல் கசிகிறது. அதை மாற்றுவது சில நிமிட வேலை, துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டாம்.

புகையும் வெடிச்சத்தமும் வந்தால், பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் சேர்ந்து, அழுத்தச் சூட்டில் எரிகிறது என்று பொருள். செயற்கைச் சீல் உள்ள துப்பாக்கியில், காற்றுத் துளை வழியாக எண்ணெய் விடவே வேண்டாம். உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் பேஸ்ட்டை சீலின் பக்கவாட்டிலும் பிஸ்டனின் பின்விளிம்பிலும் விரலால் மெல்லப் பூசுங்கள். சீலின் முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது.