கியூரெக்ஸ் பூசிய தத்துவெட்டிகள்

1984 தை மாதம். மாரி ஓய்ந்து, மைதானத்தின் வடக்குக் கரையில் புல் முழங்காலளவுக்கு நின்றது. விலங்கியல் மாஸ்டர் எங்கள் உயர்தர வகுப்பை அதன் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுக்குள்ள எத்தனை தத்துவெட்டி இருக்கும், சொல்லுங்கோ பாப்பம்" என்றார். தத்துவெட்டி என்றால் வெட்டுக்கிளி. ஒருவன் நூறு என்றான், இன்னொருவன் பத்தாயிரம் என்றான். "எல்லாத்தையும் பிடிச்சு எண்ணலாம் சேர்" என்ற மேதாவி நான்தான்.

பரீட்சைக்கு வராத பாடம் அது. ஆனாலும் மாஸ்டர் விடவில்லை. கொஞ்சத்தைப் பிடி, குறியிடு, பிடித்த இடத்திலேயே விடு. அவை மற்றவற்றோடு கலக்க இரண்டு மூன்று நாள் கொடுத்து, திரும்பவும் பிடி. இரண்டாம் தரம் பிடித்ததில் பத்தில் ஒன்றுக்குக் குறி இருந்தால், முழுக் கூட்டத்திலும் பத்தில் ஒன்றுக்குத்தான் நாங்கள் குறியிட்டிருக்கிறோம். அவ்வளவுதான் கணக்கு. பெற்றர்சன் என்ற டென்மார்க்காரர் 1890களில் லிம்ஃபியோர்ட் என்னும் கடனீரேரியில் தட்டைமீன்களுக்குக் குறியிட்டு ஆராய்ந்தவர். அமெரிக்காவில் லிங்கன் 1930இல் காட்டு வாத்துகளின் கால் வளையங்களை வைத்து இதே கணக்கைப் போட்டார். அதனால் சூத்திரத்துக்கு இரண்டு பேரின் பெயரும் சேர்ந்து நின்றுவிட்டது.

குறியிட மைக்கு எங்கே போவது? அக்கா தங்கச்சிமாரின் நகப்பூச்சு, அதாவது கியூரெக்ஸ்தான். பெடியன்கள் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சிவப்புக் கியூரெக்ஸ் போத்தலைக் களவாய்க் கொண்டுபோவது லேசுப்பட்ட வேலையில்லை. வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த என் வாங்குக்காரன் அதைக் கணிதக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அது சிந்தி, வகையீடு முழுக்கச் சிவந்துபோனது தனிக்கதை.

பழைய நுளம்பு வலையைக் கம்பி வளையத்தில் தைத்து, ஒரு பின்னேரம் 80 தத்துவெட்டிகளைப் பிடித்தோம். வாங்குக்காரன் ஈர்க்கு நுனியால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தான். சிறகும் காலும் ஒட்டிப் போகாமல் வைக்க வேண்டும், அதில் அவன் கெட்டிக்காரன். மூன்று நாள் கழித்து 60 பிடித்தோம். பொட்டு இருந்தவை நாலே நாலு. 80ஐ 60ஆல் பெருக்கி 4ஆல் பிரித்தால் 1200. எங்களுக்குப் பெரிய புளுகம். மாஸ்டர் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பொட்டு வைச்சதெல்லாம் எங்கயடா போச்சுது?"

மைனா தின்றிருக்கும் என்றோம். அதுவும் நடக்கக் கூடியதுதான். பச்சைப் புல்லில் சிவப்புப் பொட்டு வைத்துவிடுவது பறவைக்குச் சாப்பாடு பரிமாறுவது மாதிரி. குறி விலங்குக்குக் கேடு செய்யக் கூடாது, உதிரவும் கூடாது என்பது இந்த முறையின் முதல் நிபந்தனை. ஆனால் எங்கள் விஷயத்தில் மைனா நிரபராதி. ஆறாம் வகுப்புப் பெடியன்கள் "பொட்டுக்காரி" என்று பேர் வைத்து, குறியிட்டவற்றை மட்டும் தேடிப் பிடித்து நெருப்புப்பெட்டிகளுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைகளைத் திறந்து எண்ணியபோது 31.

மாஸ்டர் அவர்களுக்கு அடிப்பார் என்று பார்த்தோம். அவர் சோக்கட்டியை எடுத்து, 80 இருந்த இடத்தில் 49 என்று எழுதினார். விடை 735. "இது ரெண்டாம் தரம் பிடிச்ச அண்டையக் கணக்கு. முந்தி இருந்தது வேணுமெண்டா நெருப்புப்பெட்டியில இருக்கிற 31ஐயும் கூட்டு." 766. பிழை எங்கே நடந்தது என்று தெரிந்தால் பிழையான தரவும் உதவும் என்பதை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படிக்கவில்லை.

அடுத்த நிபந்தனையை அவர் சொன்னபோது பின்வாங்கில் யாரோ சிரித்தது ஞாபகம். "குடித்தொகை மூடியிருக்க வேணும். ஒருத்தரும் வெளியில போகக் கூடாது, உள்ள வரக் கூடாது." அந்தத் தவணையில் மட்டும் எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பேர் வெளிநாடு போயிருந்தார்கள்.

பிறகு 1990களில் கர்நாடகத்து நாகரகொளைக் காட்டில் உல்லாஸ் கரந்த் என்ற புலி ஆய்வாளர் தானியங்கிக் கமராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கிட்டதை வாசித்தபோது கியூரெக்ஸ் போத்தல்தான் கண்ணுக்குள் வந்தது. புலிக்கு யாரும் பொட்டு வைக்கத் தேவையில்லை. ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இராது. படம் எடுத்தாலே பிடித்த மாதிரி.

சரி, எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவர் எத்தனை பேர் என்று செயற்குழுவில் ஒவ்வொரு வருடமும் வாக்குவாதம். போன வருடம் நான் கோடை ஒன்றுகூடல் பட்டியலையும் பொங்கல் விருந்துப் பட்டியலையும் எடுத்தேன். முதலாவதில் 96 பேர், இரண்டாவதில் 88, இரண்டிலும் இருந்தவர்கள் 64. தத்துவெட்டிக் கணக்கையே போட்டேன், விடை 132. பட்டியல்களிலேயே 120 பேர் இருக்கிறார்கள், அப்படியென்றால் நாங்கள் காணாதவர்கள் 12 பேர்தானா? ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் சனிக்கிழமை நின்றால் 12 பேரைக் கண்டுவிடலாமே!

எலி பிடிக்கும் ஆய்வாளர்களுக்கு இது பழகின தலையிடி. சில எலி தீனி ருசித்துத் திரும்பத் திரும்பப் பொறிக்குள் வரும், கணக்குக் குறைந்துவிடும். சில ஒருக்கால் அகப்பட்டால் பிறகு கிட்டவும் வராது, கணக்கு ஏறிவிடும். எங்கள் 64 பேரும் மட்டன் ரோலுக்குப் பழகியவர்கள். நானும்தான்.

அந்தக் கடையில்தான் போன மாசி மாதம் வாங்குக்காரனைக் கண்டேன். 18 வருடமாக மார்க்கம் நகரில் இருக்கிறானாம், எந்தப் பட்டியலிலும் இல்லை. பேரைப் பதியச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "என்ர முதுகிலயும் கியூரெக்ஸ் பூசப் போறியோ?"

படிவம் இன்னும் என் காருக்குள்தான் கிடக்கிறது.