முகூர்த்தத்துக்கு முந்தைய நாட்கள்

ஜனவரி 19

கல்யாணப் படம் எடுக்க அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மணப்பெண் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூத்தவர், அன்றிலிருந்தே அக்கா. ஹட்டனில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் இதுவரை படமெடுக்கும் அண்ணனுக்குப் பின்னால் லைட் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதே நாளில் அவருக்கு நுவரெலியாவில் வேறு கல்யாணம். "நீயே போய் எடு. பொண்ணு சேலை கட்டுற அறைக்குள்ள நீ போகலாம், நான்னா வாசல்லதான் நிக்கணும்" என்றார்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். பெப்ரவரி 6, காலை 6.20க்கும் 7.25க்கும் இடையில் முகூர்த்தம். நேரத்தைக் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது. மலைக்கு மேலே வெயில் ஏறுவதற்குள் தாலி ஏறிவிடும்.

ஜனவரி 21

ஸ்டூடியோவின் நிக்கோன் டி750, என்னுடைய பழைய டி7100. இரண்டு கமராவும் கழுத்தில் தொங்கும். ஓமப் புகைக்கும் விபூதிக்கும் நடுவில் லென்ஸ் கழற்றி மாட்டும் வேலை வேண்டாம். டி750இல் 24-70 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் திறக்கும் அளவு, எண் சிறுத்தால் வெளிச்சம் கூடும்). டி7100இல் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8. அந்தச் சின்ன சென்சாரில் 50 என்பது 75 போல வேலை செய்யும், முகங்களுக்கு அது போதும்.

இரண்டிலும் இரண்டு கார்ட் போடலாம். முதல் கார்ட் நிரம்பியதும் அடுத்ததுக்குப் போகும் என்றுதான் பலர் வைத்திருப்பார்கள். நான் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி மாற்றிவிட்டேன். கல்யாணத்தில் ரீடேக் கிடையாது. கமரா சுருக்காமல் திருத்தாமல் அப்படியே பதியும் ரோ ஃபைல் ஒன்று ஏறத்தாழ 28 எம்பி, 64 ஜிபி கார்டில் 2,000 படத்துக்கு மேல் பிடிக்கும். அப்புறம் இரண்டு கமராவின் கடிகாரத்தையும் கைபேசியைப் பார்த்து ஒன்றாக்கினேன். அது பிசகினால் ஆல்பம் அடுக்கும்போது அட்சதை முதலில் விழும், தாலி பிறகு கட்டப்படும்.

ஜனவரி 24

முகூர்த்த நேரத்திலேயே கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் போனேன். தம்பி துணைக்கு வந்தான், வழி முழுக்க முணுமுணுத்தபடி.

யூடியூபில் "கல்யாண செட்டிங்" என்று சொல்லித்தருகிறவர்கள் பெரிய ஹோல், வெள்ளைக் கூரை, பெரிய ஜன்னல் எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இங்கே தகரக் கூரை. ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் நமக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை. சுவர் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ரோஸ். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெண்ணின் கன்னத்தில் நீலமாகவே உட்காரும். வெள்ளை ரிஜிஃபோம் (தெர்மோகோல்) அட்டை ஒன்றைத் தம்பி கையில் கொடுத்து, அதில் அடித்துப் பார்த்தேன். முகம் முகமாக வந்தது. ஆக அவனுக்கும் அன்றைக்கு வேலை உண்டு.

பெரிய தொல்லை டியூப்லைட். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/250 விநாடியில் வைத்து வரிசையாகச் சுட்டால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், இன்னொன்றில் பாதி மஞ்சள். 1/100க்கு இறக்கியதும் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு முழு மங்கித் தெளிதலும் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. 1/100இல் அட்சதை கொஞ்சம் கோடாக விழும், விழட்டும்.

அதனால் தாலி கட்டுக்கு: 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200இல் தொடங்கி தானாக ஏறலாம், 6400க்கு மேல் வேண்டாம்.

தூண்களில் சுற்றியிருக்கும் சீரியல் பல்ப் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் எந்த வைட் பேலன்ஸும் அதற்கு ஈடுகொடுக்காது. கோயில் கமிட்டித் தலைவரிடம், தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் அணைக்கலாமா என்று கேட்டேன். "அம்மன் இருட்டுல இருக்கிறதாம்மா?" என்றார். கடைசியில் அம்மனுக்கு மேலே எரியும், தூணில் அணைப்பார்கள் என்று முடிவானது.

ஜனவரி 27

அம்மாவின் கூறைச் சேலையைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றதும் அம்மா ஒரு மாதிரி பார்த்தார். "போட்டோவுக்கு" என்றேன். அப்பாடா என்று எடுத்துக் கொடுத்தார்.

சேலையை என் சொந்த அக்காவின் மகள் தோளில் போட்டு, பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு தம்பியை நிறுத்தினேன். வெளிச்சத்தை அளக்கும் கமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பல் நிறமாகவே பார்க்கும். வேட்டி நிறைய இருந்தால் படத்தை இருட்டாக்கும், நம் கறுத்த முகங்கள் இன்னும் கறுக்கும். முகத்துக்காக வெளிச்சத்தை ஏற்றினால் அரக்குச் சிவப்புச் சேலையில் சிவப்பு மட்டும் தனியாக வெடித்து, சரிகையும் மடிப்பும் காணாமல் போகும். படத்தின் வெளிச்சத்தை வரைந்து காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் இது தெரிவதில்லை, மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் வேட்டியில் கொஞ்சம் விவரம் போனாலும் பரவாயில்லை. கூறையில் போகக்கூடாது, அந்தச் சேலையை மணப்பெண் அக்கா நாளைக்குத் தன் மகளுக்குக் காட்டுவார். முகத்துக்கு அளந்து, சிவப்பு முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) குறைப்பது என்று வைத்துக்கொண்டேன். நிழலை ரோவில் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெடித்ததை மீட்க முடியாது.

ஜனவரி 30

ஜோடிப் படம் எங்கே எடுப்பது என்று மணப்பெண் அக்காவிடம் பேசினேன். தேயிலை மலை என்றேன், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி கேட்கிறேன் என்றும் சொன்னேன். "பிறந்ததுல இருந்து அந்தக் கொழுந்து மலையத்தானே பார்க்கிறேன். அம்மா முப்பது வருஷம் கூடை சுமந்த இடத்துல நான் ஏன் பட்டோட போய் நிக்கணும்?" என்றார். நியாயம்தான். வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது பின்னணி. காசல்ரீ நீர்த்தேக்கக் கரை என்று முடிவு. எனக்கும் ஒரு லாபம்: தேயிலைக்குள் நின்றால் இலையின் பச்சை வேட்டியில் ஏறும்.

பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் நல்லது, நிழலே விழாது. ஆனால் மூட்டத்தை மீட்டர் வெள்ளை வேட்டி போலவே நினைத்துக்கொள்ளும். ஒரு ஸ்டொப் ஏற்ற வேண்டும்.

பெப்ரவரி 2

குளிர். பெட்டரியை இரவு வெளியே வைத்தால் காலையில் அளவு குறைவாகக் காட்டுகிறது. உதிரிப் பெட்டரிகள் சுவெட்டருக்கு உள்பையில் இருக்கும்.

இதைவிட முக்கியமானது லென்ஸில் ஆவி படிவது. வெளியே குளிரில் இருந்த கமராவை ஓம வெக்கையும் கூட்டத்தின் மூச்சும் நிறைந்த மண்டபத்துக்குள் சட்டென்று கொண்டுபோனால் கண்ணாடி வெளுத்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படியும். இறுக்கமாகக் கட்டிய பொலிதீன் பைக்குள் கமராவை வைத்து, உள்ளே கொண்டுபோய், சூடு ஏறும்வரை விட வேண்டும். அதனால் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மண்டபத்தில் இருக்கப்போகிறேன். ஆட்டோ நாலரைக்கு.

பெப்ரவரி 4

ஐயரைப் பார்த்தேன். எது எதற்குப் பின் வரும் என்று சொன்னார், எழுதிக்கொண்டேன். மூலஸ்தானத்தின் பக்கம் ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது, சரி. தாலி கட்டும்போது அவருக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் கொடுப்பதாகச் சொன்னார். "ஆனா கெட்டிமேளம் கேட்டா சொந்தக்காரங்க எழும்பிருவாங்க, அத நான் தடுக்க ஏலாது." முடிச்சுப் போட வரும் நாத்தனாரிடம் பேசிவைத்தேன், கைபேசிக்காரர்களை அவர் பார்த்துக்கொள்வாராம். குரலைக் கேட்டால் நம்பலாம்.

பெப்ரவரி 7

முடிந்தது. தூக்கம் போதவில்லை, கை வலிக்கிறது.

தூண் பல்ப் சொன்னபடி அணைந்தது. 1/100 காப்பாற்றியது, நெற்றிப்பட்டமும் மூன்று முடிச்சும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. ஓமப் புகையில் ஃபோகஸ் தடுமாறும் என்று தெரிந்ததால் நடுப் புள்ளியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். டி750க்கு இருட்டில் அங்கேதான் பலம். நாத்தனார் ஒரு சித்தப்பாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார், அதுவும் படத்தில் இருக்கிறது. காசல்ரீயில் மூட்டம் வரவேயில்லை, சுள்ளென்று வெயில். மர நிழல் தேடி ஓடியதில் மாப்பிள்ளையின் செருப்பு அறுந்தது.

கார்ட்கள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏறிவிட்டன. ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். ஆல்பம் கைக்குப் போகும்வரை கார்டை அழிக்கப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் இப்போதே வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமெண்டாகப் பத்து மட்டும் அனுப்பியிருக்கிறேன். "மீதி எங்கே?" என்று அதற்குள் பதில் வந்துவிட்டது.