ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தபோது, அடிபட்டோ வெந்துபோயோ வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படிவம் நிரப்புவேன். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு விரற்கடை அகலம்தான். பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். யாருடைய கவனக்குறைவு என்று எழுதியதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரியும். குழந்தையின் அம்மாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த அம்மாக்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்வார்கள்: “ஒரு நிமிஷம்தான் திரும்பினேன், சிஸ்டர்.” அதை நான் வெறும் சாக்கு என்று நினைத்திருந்தேன். மேஜையிலிருந்து தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்ததில் வெந்நீர் கெட்டில் கவிழ்ந்து, மார்பெல்லாம் வெந்துபோன ஒன்றேகால் வயதுக் குழந்தை ஒருமுறை வந்தது. கட்டு மாற்றும்போது, “கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?” என்று அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. அங்கிருந்த மீதி நாட்களில் மருந்து எப்போது போடுவது என்பதைக்கூட வேறு செவிலியரிடம்தான் கேட்டுக்கொண்டார். அது இன்றும் உறுத்துகிறது.

பின்னால் வீடு வீடாகப் போகும் குழுவுக்கு மாறினேன். குழந்தைகளுக்குக் காயம் நேராமல் தடுப்பது எங்கள் வேலை. முதல் வருடம் முழுக்கப் பேசினோம். கூட்டம், சுவரொட்டி, துண்டறிக்கை. வந்தவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். துண்டறிக்கையை இரண்டொரு குழந்தைகள் கசக்கி வாயில் போட்டுக்கொண்டதைத் தவிர வேறு விளைவு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஒரு கூட்டத்தில், ஏன் என்று தெரியவில்லை, என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். என் மகனுக்கு இரண்டு வயது. என் கைப்பையைத் திறந்து, தலைவலி மாத்திரை அட்டையிலிருந்து நான்கைப் பிதுக்கித் தரையில் வரிசையாக அடுக்கியிருந்தான். வாயில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அடுத்த அறையில் சீருடையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பேச ஆரம்பித்தார். துணி அலசிய வாளியில் பேரன் தலைகீழாக விழுந்துவிட்டானாம். “சத்தமே வரலைம்மா. காலு ரெண்டும் மேலே தெரிஞ்சுது, அவ்வளவுதான்.” நடை பழகும் வயதில் உடம்புக்குத் தலை பாரம், குனிந்து எட்டிப் பார்த்தால் குப்புற விழுந்துவிடும், தானாக எழ வராது. 5 சென்டிமீட்டர் தண்ணீரே போதும். இதை நாங்கள் சுவரொட்டியில் படம் போட்டே வைத்திருந்தோம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பாட்டி இதை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட.

அன்று ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் ‘தப்பியவை’ என்று எழுதினோம். பெயர் வேண்டாம், என்ன பொருள், எந்த இடம், எவ்வளவு உயரம், அது போதும். நோட்டு சீக்கிரமே நிரம்பியது. திரும்பத் திரும்ப வந்தவை பொருள்கள்தான்: தொங்கும் ஒயர், விருந்தாளியின் பை, காலியான குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்த கழிப்பறை அமிலம், ஜன்னலோரக் கட்டில். வீட்டுக்குள் போனால் முட்டிபோட்டுத் தவழ்ந்து பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. முதல் தடவை சிரிப்பாக இருக்கும். மேஜைவிரிப்பின் நுனி சரியாக மூக்குக்கு நேரே தொங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் காயம் எப்படி நேர்கிறது என்று ஆராய்வதற்கு ஓர் அட்டவணை வகுத்தார். நிகழ்வதற்கு முன், நிகழும்போது, நிகழ்ந்த பின் என்று மூன்று வரிசை. ஆள், பொருள், இடம், சமூகச் சூழல் என்று நான்கு பத்தி. ஆக 12 கட்டங்கள். பயிற்சியில் அதைப் பார்த்தபோது என் பழைய படிவம்தான் நினைவுக்கு வந்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதையும் அம்மாவின் பெயரில் எழுதியிருக்கிறேன்.

குழாய் வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரி செல்சியஸில் சில விநாடிகளில் தோல் ஆழமாக வெந்துவிடும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஹீட்டரின் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், திரும்பிப் பார்க்க அந்த அம்மாவுக்கு நேரம் கிடைக்கிறது. நாங்கள் இப்போது துண்டறிக்கையைவிட ஸ்க்ரூடிரைவரைத்தான் அதிகம் சுமக்கிறோம்.

சில நேரம் பொருளை மாற்றினாலும் போதாது, இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். வங்கதேசக் கிராமங்களில் சின்னக் குழந்தைகள் குளம் குட்டைகளில் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள். அம்மாக்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரம் அது. அங்கே ‘ஆஞ்சல்’ என்ற பெயரில், அந்த நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே காப்பகங்கள் வைத்தார்கள். அங்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்று ஆய்வு சொல்கிறது. ‘கவனமாக இருங்கள்’ என்று உபதேசிக்காமல், எப்போது கவனமாக இருக்க முடியாது என்று கண்டுபிடித்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் பகுதியில் அவ்வளவு பெரிதாக இல்லை. மாடியில் நான்கு வீட்டுக்காரர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு சண்டை வந்து இரண்டு வாரம் நின்றுபோனது. இப்போது மறுபடி நடக்கிறது.

எங்கள் கை எட்டாத இடங்களும் உண்டு. நியூயார்க்கில் 1972-இல் சுகாதாரத் துறை வீடுகளுக்கு ஜன்னல் கம்பி கொடுக்கத் தொடங்கியது. பிராங்ஸ் பகுதியில் இரண்டே வருடத்தில் குழந்தைகள் விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-இல், 10 வயதோ அதற்குக் கீழோ பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கம்பி போட வேண்டியது கட்டட உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டமே வந்தது. எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை, கடிதம்தான் இருக்கிறது. மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கம்பி வைத்தால் முகப்பின் அழகு கெட்டுவிடும் என்கிறார் உரிமையாளர். இரண்டு கடிதம் போட்டாயிற்று, மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் ஜன்னலடியில் இருந்த கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்திப் போட்டிருக்கிறோம்.

நேற்று அந்த வீட்டு அம்மா போன் செய்தார். பாப்பா இப்போது நாற்காலியைத் தள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம்.