செவலைக்கு முடி முளைத்த பிறகும்

செவலை எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. நான்காவது மாதத்தில் கண்ணைச் சுற்றிக் காசு அளவுக்கு முடி கொட்டியது. அரிப்பு இல்லாததால் நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்றே வாரத்தில் கழுத்து, முன்னங்கால் எல்லாம் மொட்டையாகி, தோல் தடித்துச் சிவந்துவிட்டது.

தெருவில் பலரும் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசச் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினேன். தோலைச் சுரண்டிப் பார்க்காமலே அலர்ஜி என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அப்புறம்தான் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் வந்தது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா தோலை இரண்டு விரலால் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, எண்ணெய்ச் சொட்டு விட்ட ஸ்லைடில் வைத்தார். என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, தலைப்பக்கம் மட்டும் குட்டைக் குட்டையாக எட்டுக் கால்கள். மெல்ல அசைந்தன.

"டெமோடெக்ஸ். தோலுக்குள்ள வாழற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பால் குடிக்கிறப்போ தாய்கிட்டேருந்து ஒட்டிக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா பெருகிடும். ஸ்டீராய்டு அதைத்தான் குறைச்சிருக்கு" என்றார். இது நமக்குத் தொற்றாது. பயங்கரமாக அரிக்கும் இன்னொரு சொறி, சார்காப்டிக், அதுதான் தொற்றும் என்றார்.

சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால், வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டு, பூச்சியைக் கொல்லும் அஃபாக்சோலனர் மாத்திரை மாதம் ஒன்று எழுதினார். சீழுக்கு ஆன்டிபயாட்டிக். வாரம் ஒருமுறை பென்சாயில் பெராக்சைடு ஷாம்பு. நுரையோடு பத்து நிமிடம் விட வேண்டும். நடுங்கும் குட்டியை மடியில் அணைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்த அந்தப் பத்து நிமிடங்களை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாவது மாதமே பளபளவென்று முடி வந்துவிட்டது. மாத்திரையும் விலை அதிகம். போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று சுரண்டியதிலும் இரண்டு பூச்சிகள், எலுமிச்சை வடிவ முட்டை ஒன்று. "முடியைப் பார்த்து நிறுத்தக்கூடாதும்மா. ஒரு மாச இடைவெளியில ரெண்டு தடவை சுரண்டி, ஒண்ணுமே தெரியாம இருக்கணும்" என்றார். அங்கே நிறுத்தியிருந்தால் மறுபடி வந்திருக்கும்.

ஐந்தாவது மாதம் இரண்டாவது ஸ்லைடும் சுத்தமாக இருந்தது. ஹீட் (இணை சேரும் பருவம்) வரும்போதும் சினைப்படும்போதும் திரும்பலாம், குட்டிகளுக்கும் இந்தக் குறை போகலாம் என்பதால் கருத்தடையும் செய்தாயிற்று. தையல் பிரித்த அன்று வயிற்றில் மழித்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கேயும் முடி குத்தியது.