டியூப்பா வயரா? லோரிக்கு ஒரு பஞ்சாயத்து

எங்க அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, பழைய லோரி ஒன்று வைத்திருக்கிறார். பிறையில் அரிசி மூட்டை ஏற்றி, பினாங்குப் பாலம் தாண்டி, பாலிக் புலாவ் கடைகளில் இறக்குவார். கொஞ்ச நாளாகத் தெலுக் கும்பார் தாண்டி மேடு ஏறினாலே வண்டி இழுக்கவில்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கிழவனாகிவிடுவான். டீசல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஃபியூவல் பிரஷர் கேஜ் மாட்டலாம் என்று பட்டறையில் முடிவானது. எந்தக் கேஜ் என்பதில்தான் சண்டை.

வண்டி பழுது பார்க்கும் போமன் அண்ணன் மெக்கானிக்கல் கட்சி. "கரண்டு வேணாம், பியூஸ் வேணாம். டீசல் நேரா கேஜுக்கே வரும், முள்ளைத் தள்ளும். பொய் சொல்லாது" என்றார். உள்ளே இருப்பது ஒரு வளைந்த பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் அது லேசாக நிமிரும், அந்த அசைவு பல்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். 1849-இல் பிரான்சில் போர்டோன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அண்ணன் பேசிய பேச்சுக்கு, அன்றைக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவரே இவர்தான் போலிருந்தது.

வயரிங் தம்பி விடுவானா? "அண்ணே, டீசல் கேஜுக்கு வரும்னா கேபினுக்குள்ள வரும்னு அர்த்தம். டியூப் கிழிஞ்சா மாமா மடியிலதான் ஊத்தும். எலக்ட்ரிக்னா ஃபில்டர்கிட்ட சென்டர்னு அழுத்தத்தை வயர் வழியா சொல்ற ஒரு கருவி, உள்ள வெறும் வயர்தான்."

"உன் சென்டர் எஞ்சின் அதிர்வுலயே செத்துடும்."

"சின்ன ஹோஸ் போட்டு சேசிஸ்ல தள்ளி மாட்டுனா சாகாது."

"ஒத்த வயர் சென்டருக்கு மரையிலதான்டா எர்த்து. நீ கசியாம இருக்க வெள்ளை டேப்பை மாலை மாதிரி சுத்துவ, எர்த்து கிடைக்காது. அப்புறம் முள்ளு வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

தம்பி பதில் பேசவில்லை. டேப் சுருளை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டான்.

கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சமரசத்துக்கு வந்தார். நடுவில் ஐசோலேட்டர் மாட்டினால் மெக்கானிக்கலிலும் டீசல் உள்ளே வராதாம். ஒரு சவ்வு, அந்தப் பக்கம் டீசல், இந்தப் பக்கம் கூலன்ட். டியூப் உடைந்தாலும் காலில் கூலன்ட்தான் கொட்டும். நல்ல யோசனைதான். ஆனால் காலில் எது கொட்டலாம் என்ற பேச்சே மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

அவர் பங்குக்கு ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த கேஜ் ஒன்றைக் காட்டினார். 100 பிஎஸ்ஐ வரை ஓடும். இந்த எஞ்சினின் சப்ளை பக்கத்தில் இருப்பதோ அதில் சின்னப் பங்கு. முள் மூலையில் குந்தியே பொழுதைக் கழிக்கும். அதற்குள் ஒரு பையன், தன் அப்பாவின் புது காமன் ரெயில் வண்டியில் இதை மாட்டலாமா என்றான். அந்த வகை எஞ்சினில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் ரெயில் என்ற குழாயில் 1,000 பாருக்கும், அதாவது 14,000 பிஎஸ்ஐக்கும், மேலே போகும். அங்கே மாட்டினால் கேஜை ஈப்போவில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

சோற்றுப் பொட்டலத்தோடு அக்கா வந்தாள். கேட்டது ஒரே கேள்வி: "எதுல டீசல் உள்ள வராது? பிள்ளைங்க இதுலதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. அந்த வெள்ளைச் சட்டைய யாரு துவைக்கிறது?"

எலக்ட்ரிக் ஜெயித்தது. போமன் அண்ணன் மனசு கோணாமல், சோதனைக்கு மட்டும் எஞ்சின் பக்கத்திலேயே அவருடைய மெக்கானிக்கலும் ஒன்று மாட்டினோம். வெளியே கசிந்தால் யாருக்கும் கேடில்லை. இரண்டும் ஒரே அளவு காட்டியதில் இரண்டு பேருக்குமே வருத்தம்.

மேடு ஏறும்போது முள் சரசரவென்று இறங்கியது. ஃபில்டர் அடைப்பு. இங்கே டீசலில் பாமாயில் டீசல் கலந்து வருகிறது. பழைய டாங்க்கில் படிந்திருக்கும் அழுக்கை அது கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்துவிடும். ஃபில்டரை மாற்றியதும் வண்டி பறந்தது.

அக்கா பில்லைப் பார்த்தாள். "ஃபில்டரை விட கேஜுதான் விலை கூடவா?"

"கேஜு இல்லாட்டி ஃபில்டருன்னு எப்படித் தெரியும்?" என்றார் மாமா.

"போன தீபாவளிக்கு மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாமா லோரிக்கு அடியில் எதையோ பார்க்கப் போய்விட்டார்.