நீலப் பென்சிலால் ஒரு சொல்

போன மாதம் வட்ஸ்அப்பில் வந்த செய்தி 'மச்சான் இருபது, சேர் போயிட்டார்' என்றுதான் இருந்தது. பெயர் தேவைப்படவில்லை. எங்கள் வகுப்புக்கு சேர் என்றால் ஆங்கிலம் படிப்பித்த அந்த ஒருவர்தான், இருபது என்றால் நான்தான். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதை என் மனைவிக்கே முப்பது வருடமாகச் சொல்லாமல் சமாளித்து வந்தேன். இப்போது மலர்க்குழு 'சேரைப் பற்றி உருக்கமாக இரண்டு பக்கம்' கேட்டதால் ஊருக்கே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

1982 மார்ச். எதிர்க் கல்லூரியோடு வருடாவருடம் ஆடும் கிரிக்கெட், பிக் மட்ச்சில் தோற்றுப்போனோம். எப்படித் தோற்றோம் என்பதை இங்கே எழுதினால் இன்னொரு சண்டை வரும், விடுங்கள். ஆங்கில மன்றச் செயலாளர் என்ற முறையில் மட்ச் பற்றிய கட்டுரையை எழுதுவது என் வேலை. நாலு பக்கம் எழுதினேன். எங்கள் கப்டனுக்கு எல்.பி.டபிள்யூ கொடுத்த அம்பயரின் மகன் எதிர்க் கல்லூரியில் படிப்பதையும், நாங்கள் துடுப்பெடுத்தாடியபோது வெயில் நேரே கண்ணில் அடித்ததையும், அவர்களின் வேகப்பந்துக்காரனுக்கு மீசை முளைத்து நெடுங்காலம் ஆகியிருந்ததையும் விடாமல் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

சேரின் சிவப்பு நீலப் பென்சிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிவப்பு முனை கட்டையாகத் தேய்ந்து கிடக்கும், நீல முனை புதிது மாதிரியே இருக்கும், ஏனென்றால் நீலம் எப்போதாவது வரும் பாராட்டுக்கு மட்டும். என் நாலு பக்கத்திலும் சிவப்பு மூன்றே இடத்தில்தான். கடைசியில் நீலத்தில், அடிக்கோட்டுடன், ஒரே ஒரு சொல்: ரெண்டென்ஷியஸ் (tendentious).

அர்த்தம் தெரியாது. ஆனால் அக்காவின் தேர்ச்சி அறிக்கையில் ஒருமுறை 'கொன்ஷியென்ஷியஸ்' என்று போட்டிருந்தார்கள். அது கருமமே கண்ணானவள் என்று புகழ்கிற சொல் என்று அப்பா விளங்கப்படுத்தியிருந்தார். இதுவும் அதன் தம்பியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி வீட்டில் சொன்னேன். அன்றிரவு அம்மா புட்டோடு முட்டையும் பொரித்துத் தந்தார்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில், 'சேரே ரெண்டென்ஷியஸ் என்று பாராட்டிய கட்டுரை' என்று ஆங்கிலத்தில் முன்னுரை கொடுத்துவிட்டு நான் வாசிக்கத் தொடங்க, பின்வாங்கில் யன்னலோரம் இருந்த சேர் கையைத் தூக்கினார்.

"தம்பி, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"மனதைத் தொடுகிற மாதிரி எண்டு, சேர்."

அவர் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. கல்லூரி நூலகத்துக்குப் போய் அகராதியைத் தூக்கிவரச் சொன்னார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு சாம்பலாகி ஒன்பது மாதம் ஆகியிருந்த காலம், அதனால் அந்தத் தடித்த அகராதியை எல்லாரும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்குவோம். மேடையில் நின்று நானே தேடி, நானே உரத்து வாசித்தேன். ஒரு கட்சியை அல்லது நோக்கத்தை முன்னே தள்ளுவதற்காகச் சாய்த்துச் சொன்னது என்று அர்த்தம். மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. இடைவேளைக்குள் ரெண்டென், ரெண்டு ரென், இருபது என்று கணக்கும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

"பொய் எண்டால் சிவப்பாலை வெட்டியிருப்பன்," என்றார் சேர். "அம்பயரின்ரை இளைய மகன் அங்கை படிக்கிறான், உண்மை. மூத்தவன் எங்கடை எட்டாம் வகுப்பிலை இருக்கிறான். அது எங்கை?"

அப்புறம் அந்தப் பாடவேளை முழுக்க அந்தச் சொல்தான். லத்தீனில் இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் வினையடியிலிருந்து கிளம்பி, ஜெர்மன் வழியாக, 1900ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்த சொல். கூடாரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ரென்ட்டும் அதே அடிதான், கயிறு இழுத்த பக்கம் துணி போகும். வாதத்துக்கு இடமானது என்ற அர்த்தமுள்ள 'கொன்ரென்ஷியஸ்' வேறு, அதோடு குழப்பாதே என்றார். லண்டனில் படித்தவர்களே குழப்புவதைப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும்தான் இது வரும் என்றும் சொன்னார். பயஸ் என்கிற சாய்வு மனதில் இருப்பது, அது தனக்கு இருப்பதே ஆளுக்குத் தெரியாமலும் போகலாம். இது வசனத்தில் இருப்பது. "தமிழிலை வெறும் பக்கச்சார்பு எண்டு எழுதாதை. வள்ளுவர் சொற்கோட்டத்தையும் உட்கோட்டத்தையும் பிரிச்சு வைச்சிருக்கிறார். உன்ரை கட்டுரையிலை இருக்கிறது சொற்கோட்டம்."

பிறகு கரும்பலகையில் மூன்று வசனம் எழுதினார், ஆங்கிலப் பாடத்தில் தமிழில். நூலகம் எரிந்தது. நூலகம் எரிக்கப்பட்டது. நூலகத்தை எரித்தார்கள். இதில் எது ரெண்டென்ஷியஸ்? மூன்றாவது என்று எல்லாரும் கத்தினோம், அதில்தானே கோபம் இருக்கிறது. சேர் முதலாவதைச் சுற்றி நீலச் சோக்கால் வட்டம் போட்டார். "விளக்கும்தான் எரியுது," என்றார். மணி அடித்தது, சட்டையில் சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் 1986இல் வெளிக்கிட்டேன். லண்டனில் சட்டத்தரணியின் அறையில் இருந்து அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் சொன்னபோது, சோதனைச் சாவடியில் என்னை அறைந்த இராணுவ வீரனைப் பற்றி நிறமும் உயரமும் சேர்த்துச் சொன்னேன். பிடுங்கிய சைக்கிளைத் திருப்பித் தந்து "போ மல்லி", சிங்களத்தில் தம்பி, என்று அனுப்பிய மற்றவனைச் சொல்லவில்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அடுத்த வருடம் சேருக்குக் கடிதம் எழுதினேன். படிக்கிறேன், தேம்ஸ் நதி அழகு, பனி பெய்கிறது, இந்த மாதிரி. இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நிற்பதையும் வகுப்புக்குப் போய்த் தூங்குவதையும் எழுதவில்லை. பதில் நாலு மாதம் கழித்து ஏரோகிராமில் வந்தது. ஊர்ப் புதினம் பேனாவால், அடியில் நீலப் பென்சிலால் ஒரு வரி: "விடுபட்டது என்ன?"

பதில் போடவில்லை. போட நினைத்தபோதெல்லாம் தபால் போகாத காலமாக இருந்தது என்று சொல்லிக்கொள்வேன், அதுவும் பாதி உண்மைதான்.

மலர்க்குழு கேட்ட உருக்கத்தை இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதி, அனுப்பவும் போனேன். யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு ஒருநாள், கொழும்பிலிருந்து வகுப்புத் தோழன் ஒருவன் ரெலிபோன் எடுத்தான். சேர் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் குடும்பத்தோடு இருக்கிறார், இருபது எப்படி என்று விசாரித்தார், ஏதாவது செய்யலாமா என்றான். அடுத்த மாதம் உண்டியலில், வங்கி இல்லாமல் ஆள்மூலம் காசு அனுப்புகிற வழியில், போடுகிறேன் என்றேன். அந்த மாதம்தான் இங்கே வீட்டுக்கு முற்பணம் கட்டியிருந்தோம். அடுத்த மாதமும் நான் போடவில்லை.