மேடை இசைநாடகங்கள்: என் வரிசை

முதலிடம் 'ஹாமில்டன்'. 2015இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு வந்தது. மறு ஆண்டே, பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் 11. மேடைத் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழல்தட்டுகள். கல்யாண விருந்துக் காட்சி அப்படியே பின்னோக்கி ஓடுகிறதே, அது இவற்றின் வேலை. அதனால் முன்வரிசை வேண்டாம், மாடியின் முன்பகுதியில் உட்காருங்கள். சுழற்சி முழுதாகத் தெரியும். ராப் வரிகள் பறக்கும். பாடல்களை முன்பே இரண்டு முறை கேட்காமல் போனால் கதை நழுவிவிடும்.

அடுத்து 'லே மிசராப்ள'. ஏறக்குறைய மூன்று மணி நேரம், கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டு. கூட்டுக்குரலுக்காகவே பார்க்கலாம்.

மூன்றாவது, 1986இல் லண்டனில் தொடங்கிய 'தி ஃபான்டம் ஆஃப் தி ஆப்பரா'. முதல் பாதியின் முடிவில் சரவிளக்கு விழும். மேல்மாடி கவிந்த பின்வரிசைகளில் அந்த விளக்கே மறைந்துபோகும். மலிவு என்று அங்கே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.